லேப்டாப் ஸ்கிரீன் உடைந்தால் மாற்றலாமா, புதுசு வாங்கலாமா?

ஸ்கிரீன் உடைந்ததும் பலர் முதல் கடையில் சொல்லும் தொகையைக் கேட்டுவிட்டு "இதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். உடைந்தது பேனல் (படம் காட்டும் திரைத் தகடு) மட்டும்தான், மற்றதெல்லாம் நன்றாக ஓடுகிறது என்றால் பெரும்பாலும் மாற்றுவதுதான் லாபம். ஹிஞ்சோ (மூடி திறந்து மூடும் கீல்), மதர்போர்டோ (உள்ளே இருக்கும் முக்கிய சர்க்யூட் பலகை) சேர்ந்து போயிருந்தால்தான் கணக்கு மாறும். அதனால் விலை விசாரிக்கும் முன்னாலேயே என்ன உடைந்திருக்கிறது என்று வீட்டிலேயே பார்த்துவிடுவது நல்லது, அதற்குப் பத்து நிமிஷம் போதும்.

ஒரு எச்டிஎம்ஐ கேபிள் எடுத்து லேப்டாப்பை டிவியில் இணையுங்கள். படம் தானாக வரவில்லை என்றால் விண்டோஸ் பட்டனை அழுத்திக்கொண்டே பி எழுத்தை ஒரு முறை தட்டி, சில நொடி விட்டு மறுபடி தட்டிப் பாருங்கள். டிவியில் படம் சுத்தமாகத் தெரிந்தால் மதர்போர்டும் கிராபிக்ஸும் அனேகமாக நன்றாக இருக்கின்றன, கோளாறு மூடிப் பக்கம்தான். டிவியிலும் அதே கோடுகள், அதே நிறக் கலங்கல் என்றால் அது ஸ்கிரீன் பிரச்சினையே இல்லை, பேனலுக்குக் காசு கொடுத்துவிடாதீர்கள்.

லேப்டாப்பில் படமே வரவில்லை, ஆனால் கண்ணாடியில் கீறலும் இல்லை என்றால், இருட்டறையில் செல்போன் டார்ச்சை ஸ்கிரீனுக்கு நெருக்கமாகச் சாய்வாகப் பிடித்து உற்றுப் பாருங்கள். ஐகான்கள் மங்கலாகத் தெரிந்தால் படம் வருகிறது, பின்னாலிருந்து வரும் வெளிச்சம்தான் போயிருக்கிறது. இது சில சமயம் மதர்போர்டில் இருக்கும் ஒரு சின்ன ஃப்யூஸ் போனதாகக்கூட இருக்கும், அப்படியானால் பேனல் மாற்றத் தேவையே இல்லை. அப்புறம், மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசைக்கும்போது படம் வந்து வந்து போனால் சந்தேகம் கேபிள் மேல். அந்தக் கேபிள் ஹிஞ்ச் வழியாகத்தான் போகிறது, தினமும் மடங்கி மடங்கி உள்ளே அறுந்துவிடும், பேனலை விட அது எவ்வளவோ மலிவு. மை கொட்டியது போல் கறுப்புத் திட்டு, ஒரு புள்ளியிலிருந்து சிலந்தி வலையாய் விரியும் கோடுகள் என்றால் மட்டும் பேனல்தான், பேச்சே இல்லை. அது சரியாகாது, நாளாக ஆகக் கூடத்தான் செய்யும்.

டிவியில் படம் தெரிகிறதே, அப்போதே முக்கியமான போட்டோ, சர்டிபிகேட், ப்ராஜெக்ட் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். ஸ்கிரீன் உடைந்தால் ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாதுதான், ஆனால் ரிப்பேருக்குக் கொடுக்கும் எந்த மெஷினும் அப்படியே திரும்பி வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

இப்போது ஹிஞ்ச். இதைத்தான் நிறையப் பேர் கவனிப்பதில்லை, கடைக்காரரும் நாம் கேட்டால்தான் சொல்வார். ஸ்கிரீன் ஏன் உடைந்தது? கீழே விழுந்தது, கீபோர்டு மேல் பேனாவோ இயர்போனோ இருக்கும்போது மூடிவிட்டோம் என்றால் சரி, காரணம் தெரிந்த விஷயம், பேனல் மாற்றினால் முடிந்தது. ஆனால் நீங்கள் ஒன்றுமே செய்யாமல் ஒரு மூலையிலிருந்து கீறல் கிளம்பியிருந்தால் ஹிஞ்சைப் பாருங்கள். மூடியைத் திறக்கும்போது ஹிஞ்ச் பக்கம் பிளாஸ்டிக் வாய் பிளக்கிறதா, 'டக்' என்று சத்தம் வருகிறதா, ஃப்ரேம் தூக்கிக்கொண்டு நிற்கிறதா? விலை குறைந்த பல மாடல்களில் ஹிஞ்சின் ஸ்க்ரூ பிளாஸ்டிக்கில் பதித்த சின்னப் பித்தளை நட்டில்தான் பிடித்திருக்கும். ஹிஞ்ச் இறுகிப்போனால் அந்த நட்டு பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வந்துவிடும், அப்புறம் மூடியைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் அந்த விசை பேனல் மேல் விழும். அதைச் சரி செய்யாமல் புதுப் பேனல் போட்டால் அதுவும் சில மாதங்களில் அதே மூலையில் உடையும். பசை ஊற்றி ஒட்டித் தருகிறேன் என்பதை நான் நம்ப மாட்டேன், மூடியின் பின்பக்கமோ கீழ்ச் சட்டமோ எது பெயர்ந்ததோ அதை மாற்றச் சொல்லுங்கள். அந்தச் செலவையும் பேனல் செலவோடு சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

கம்பெனி வாரண்டி இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், உடைந்த ஸ்கிரீனுக்கு சாதாரண வாரண்டி பொருந்தாது. வாங்கும்போது விபத்துப் பாதுகாப்புத் திட்டம் ஏதாவது சேர்த்து எடுத்தீர்களா என்று பில்லைத் தேடிப் பாருங்கள். இருந்தால் வெளிக்கடையில் ஸ்க்ரூவைக்கூடக் கழற்ற விடாமல் நேரே சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

விலைக்கு வருவோம். சாதாரண 15.6 அங்குல, டச் இல்லாத பேனல் என்றால் வெளிக்கடையில் வேலையோடு சேர்த்து பெரும்பாலும் ரூ.4,000-லிருந்து ரூ.8,000-க்குள் முடியும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் அதைவிட நன்றாகவே கூடும். டச் ஸ்கிரீன், ஓஎல்இடி, கேமிங் லேப்டாப்பின் 144 ஹெர்ட்ஸ் பேனல் எல்லாம் இந்தக் கணக்கில் வராது. மேக்புக்கில் பெரும்பாலும் மூடியோடு முழு செட்டாகத்தான் மாற்றுவார்கள், அந்தத் தொகையைக் கேட்டுவிட்டுத்தான் யோசிக்கவே ஆரம்பிக்க வேண்டும்.

இந்தத் தொகையை நீங்கள் அன்றைக்கு வாங்கிய விலையோடு ஒப்பிடாதீர்கள். இதே மாடல், இதே வயது, நல்ல நிலையில் இருக்கும் லேப்டாப் இன்றைக்கு செகண்ட் ஹேண்டில் என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். ரூ.18,000 போகிறது, ரிப்பேர் ரூ.6,000, அதாவது மூன்றில் ஒரு பங்குதான் என்றால் தயங்காமல் மாற்றுங்கள். பாதியைத் தாண்டினால் நான் மாற்ற மாட்டேன். இரண்டுக்கும் நடுவில் என்றால் மற்ற உறுப்புகள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்: பேட்டரி அரை மணி நேரம்கூட நிற்கவில்லையா, கீபோர்டில் சில கீ வேலை செய்யவில்லையா, சார்ஜர் பின் ஆடுகிறதா? மூன்றும் ஆமாம் என்றால் அடுத்த செலவு வாசலில் நிற்கிறது என்று அர்த்தம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், உடைந்த ஸ்கிரீனோடு விற்கப் போனால் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள், விற்கிற எண்ணம் இருந்தாலும் மாற்றிவிட்டு விற்றால் என்ன கிடைக்கும் என்று ஒரு தரம் போட்டுப் பாருங்கள்.

பழைய மெஷின் என்றால் பிராசசரையும் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் குறைந்தது எட்டாம் தலைமுறை வேண்டும். அதற்கு முந்தைய மெஷினில் லினக்ஸ் போட்டு ஓட்டத் தயார் என்றால் ஸ்கிரீனுக்குச் செலவு செய்யுங்கள், இல்லையென்றால் வேண்டாம். 2011-இல் தொடங்கிய அரசு விலையில்லா லேப்டாப் திட்டத்தின் ஆரம்ப வருஷத்து மெஷின்களும் இந்தக் கணக்கில்தான் வரும்.

மாற்றுவது என்று முடிவெடுத்தால், சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கினாலே விலை வித்தியாசம் புரியும். லேப்டாப் மாடல் பெயரை மட்டும் சொல்லி விலை கேட்காதீர்கள், ஒரே மாடலிலேயே வேறு வேறு பேனல் வரும். பழைய பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பார்ட் நம்பர் இருக்கும், அதுதான் பேச்சு. கேபிள் மாட்டும் இடத்தில் 30 பின்னா 40 பின்னா, ரெசல்யூஷன் 1366×768-ஆ 1920×1080-ஆ, ஓரத்தில் ஸ்க்ரூ மாட்டும் காது உண்டா இல்லையா, எல்லாம் பொருந்த வேண்டும். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத ஐபிஎஸ் பேனல் இருந்த இடத்தில் மலிவான டிஎன் பேனலைப் போட்டுவிடுவதும் உண்டு. டிஎன் பேனலைப் பக்கவாட்டிலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் நிறம் வெளுத்தோ தலைகீழாகவோ தெரியும், அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

பணம் கொடுக்கும் முன் முழுத்திரையில் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். வெள்ளையில் கறுப்புப் புள்ளி, கறுப்பில் மினுங்கும் புள்ளி, ஓரத்தில் வெளிச்சக் கசிவு, எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். கேமராவைத் திறந்து பாருங்கள், பல லேப்டாப்களில் அதன் வயரும் டிஸ்ப்ளே கேபிளோடுதான் வருகிறது. மூடித் திறந்து பாருங்கள். பழைய பேனலைக் கேட்டு வாங்குங்கள், பில்லில் பேனலின் பார்ட் நம்பரும் எத்தனை மாத வாரண்டி என்பதும் இருக்கட்டும்.

நீங்களே மாற்றுவதும் முடியாத காரியம் இல்லை, ஆனால் ஒன்றில் கண்டிப்பாக இருங்கள்: ஆஃப் செய்தால் மட்டும் போதாது, கீழ் மூடியைத் திறந்து பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டுத்தான் டிஸ்ப்ளே கேபிளைத் தொட வேண்டும். மின்சாரம் இருக்கும்போது பிடுங்கினால் மேலே சொன்ன அந்த ஃப்யூஸ் போய்விடலாம், பேனல் செலவு மதர்போர்டு செலவாக மாறும்.

மாற்ற வேண்டாம் என்று முடிவானாலும் தூக்கிப் போடாதீர்கள். ஒரு பழைய மானிட்டரோ வீட்டு டிவியோ இருந்தால் அது நல்ல டெஸ்க்டாப். பவர் செட்டிங்கில் மூடியை மூடினால் ஒன்றும் செய்யாதே என்று மாற்றிவிட்டு, தனிக் கீபோர்டும் மவுஸும் போட்டால் பிள்ளைகள் படிக்கவும் டைப் அடிக்கவும் தாராளமாகப் போதும். சூட்டுக்காக மூடியைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். உடைந்த மூடிதானே என்று மொத்தமாகக் கழற்றி எறிந்துவிட வேண்டாம், பல மாடல்களில் வைஃபை ஆன்டெனா அந்த மூடிக்குள்தான் ஓடுகிறது, கழற்றினால் பக்கத்து அறையில் இருக்கும் ரவுட்டர்கூடச் சரியாகப் பிடிக்காது.