ஒற்றை அடுக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடில் எலக்ட்ரான்–ஃபோனான் இடைவினையை ராமன் நிறமாலையால் அறிவது எப்படி?

ஃபோனான் என்பது படிக அணுக்களின் கூட்டு அதிர்வு; லேசர் ஒளி அந்த அதிர்வுகளோடு ஆற்றலைப் பரிமாறிச் சிதறும்போது ஏற்படும் ஆற்றல் மாற்றத்தை செ.மீ⁻¹ அலகில் காட்டுவது ராமன் நிறமாலை. ஒற்றை அடுக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடின் ராமன் நிறமாலையில் 385 செ.மீ⁻¹ அருகே ஒரு முகடும் 404 செ.மீ⁻¹ அருகே மற்றொரு முகடும் தெரியும். முன்னது மாலிப்டினமும் கந்தகமும் தளத்துக்குள்ளேயே எதிரெதிராக அசையும் அதிர்வு. பின்னது மாலிப்டினம் அசையாதிருக்க, கந்தக அணுக்கள் மட்டும் தளத்துக்குச் செங்குத்தாக அசையும் அதிர்வு. எலக்ட்ரான்களைச் சேர்க்கும்போது இரண்டாவது முகடு நகர்கிறது, முதலாவது ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அஜய் சூட் குழுவினர் 2012இல் வெளியிட்ட அளவீட்டில், சதுர செ.மீ.க்குச் சுமார் 1.8×10¹³ எலக்ட்ரான்கள் சேர்ந்தபோது இரண்டாவது முகடு ஏறத்தாழ 4 செ.மீ⁻¹ இறங்கி, 6 செ.மீ⁻¹ அளவுக்கு அகன்றது. செங்குத்து அதிர்வு படிகத்தின் முழுச் சமச்சீரையும் கொண்டிருப்பதால் கடத்துப்பட்டையின் (எலக்ட்ரான்கள் நகர்ந்து மின்சாரத்தைக் கடத்தும் ஆற்றல் நிலைகளின்) அடியில் உள்ள எலக்ட்ரான்களோடு வலுவாக இணைகிறது. தளத்துக்குள்ளான அதிர்வுக்கு அந்த இணைப்பு மிகப் பலவீனம்.

மாதிரியை, கேட்டாக (மின்னழுத்தத்தால் எலக்ட்ரான்களைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் மின்முனையாக) பயன்படும் கடத்துச் சிலிக்கான் மீது 300 நானோமீட்டர் சிலிக்கான் டைஆக்சைடு படிந்த தகட்டில், ஒட்டுநாடாவால் உரித்து வையுங்கள். இரு முகடுகளின் இடைவெளி 18–19 செ.மீ⁻¹ என்றால் அது ஒற்றை அடுக்கு. 21ஐத் தாண்டினால் வேறு துண்டைத் தேடுவது நல்லது. தங்க மின்முனைகளை அமைத்தபின், கேட் மின்னழுத்தத்துக்கு எதிராக மின்னோட்டத்தை வரைந்து, கடத்தல் தொடங்கும் மின்னழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 300 நானோமீட்டர் ஆக்சைடில் அதற்கு மேல் ஒவ்வொரு வோல்ட்டும் சதுர செ.மீ.க்கு 7.2×10¹⁰ எலக்ட்ரான்களைச் சேர்க்கிறது. ஆக 60 வோல்ட்டில் கிடைப்பது 4.3×10¹² மட்டுமே. மேற்கண்ட அளவீட்டோடு விகிதம் பார்த்தால் முகடு சுமார் 1 செ.மீ⁻¹தான் இறங்கும். அதைவிடப் பெரிய மாற்றம் வேண்டுமானால் பாலிமர் மின்பகுளி கேட் (அயனிகள் கொண்ட பாலிமர் வழியே செயல்படும் கேட்) உதவும். ஆனால் அதில் அயனிகள் மெதுவாக நகர்வதால், ஒவ்வொரு மின்னழுத்த மாற்றத்துக்குப் பின்னும் சில நிமிடங்கள் பொறுக்க வேண்டும்.

இந்த 1 செ.மீ⁻¹ஐ மனத்தில் வைத்துக்கொண்டு லேசருக்கு வாருங்கள். வெப்பம் ஏறினால் இரு முகடுகளும் கெல்வினுக்குச் சுமார் 0.01 முதல் 0.02 செ.மீ⁻¹ வரை இறங்கும். எனவே 50 கெல்வின் சூடேறினாலே, தேடிவந்த மாற்றத்தின் அளவுக்கே ஒரு போலி மாற்றம் தோன்றிவிடும். கேட்டைப் பூஜ்யத்தில் வைத்து 50, 100, 200 மைக்ரோவாட் எனத் திறனை உயர்த்திப் பாருங்கள். முகடு நகரத் தொடங்கும் திறனுக்கு நன்கு கீழேயே அளவீட்டை நடத்துங்கள். 532 நானோமீட்டர் லேசர் தொடக்கத்துக்கு ஏற்றது. 633 நானோமீட்டரின் ஆற்றல் 1.96 எலக்ட்ரான்வோல்ட், அது எக்ஸிட்டான் (எலக்ட்ரானும் துளையும் பிணைந்த இணை) நிலைகளுக்கு மிக அருகில் இருப்பதால் 460 செ.மீ⁻¹ அருகே இரட்டை ஃபோனான் பட்டை வலுத்து, ஒளிர்வுப் பின்னணியும் ஏறும். அதுவும் சுவையான இயற்பியல்தான், ஆனால் அது தனி ஆய்வு.

ஒவ்வொரு நிறமாலையிலும் சிலிக்கானின் 520.7 செ.மீ⁻¹ கோட்டைச் சேர்த்தே பதிவு செய்து அளவுகோலைச் சரிபாருங்கள். படுகதிரும் சிதறிய கதிரும் செங்குத்தாக முனைவுற்ற அமைப்பில் இரண்டாவது முகடு மறைய வேண்டும். மறையாவிட்டால் ஒளிப்பாதையில் எங்கோ பிழை இருக்கிறது. பொருத்தும்போது வெறும் லாரென்ட்ஸ் வளைவு போதாது. நியான் விளக்கின் குறுகிய கோட்டிலிருந்து கருவியின் அகலத்தை எடுத்து, அதை மாறிலியாக வைத்து வாய்ட் வளைவாக (லாரென்ட்ஸ், காஸியன் வளைவுகள் கலந்த வடிவமாக) பொருத்தினால்தான் ஃபோனானின் உண்மையான அகலம் கிடைக்கும். என் அனுபவத்தில் புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடும் படி இது.

பின்பு முகட்டின் இடத்தையும் அகலத்தையும் கேட் மின்னழுத்தத்துக்கு எதிராக அல்லாமல், எலக்ட்ரான் அடர்த்திக்கு எதிராக வரையுங்கள். முதல் முகடு நிற்க, இரண்டாவது இறங்கி அகன்றால் அது எலக்ட்ரான்களின் வேலை. இரண்டும் சேர்ந்து இறங்கினால் வெப்பத்தை ஐயுறுங்கள். முதலாவது மட்டும் இறங்கினாலோ இரண்டாகப் பிரிந்தாலோ அது இழுவிசைத் திரிபு (மாதிரி இழுபட்டு நீள்வது). இடத்தைவிட அகலத்தையே நான் அதிகம் நம்புவேன், ஏனெனில் சிறிய திரிபு முகட்டின் இடத்தை நகர்த்தும் அளவுக்கு அகலத்தை மாற்றுவதில்லை.

கடைசியாக, கேட்டைப் படிப்படியாகப் பூஜ்யத்துக்குத் திருப்பி, அதே புள்ளியில் மீண்டும் அளந்து பாருங்கள். முகடு தொடங்கிய இடத்துக்குத் திரும்பாவிட்டால், ஆக்சைடில் சிக்கிய மின்னூட்டமோ மேற்பரப்பில் ஒட்டிய ஈரமோ அடர்த்திக் கணக்கைக் கெடுத்திருக்கும். மாதிரியை வெற்றிடத்தில் மிதமாகச் சூடாக்கிவிட்டு முழுத் தொடரையும் மறுபடி எடுக்க வேண்டும்.