சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள்

வேலைக்காக இந்தியாவிலிருந்து இலங்கை மலையகத்துக்கு வரும் நம்மவர்களுக்கு இது. குடியிருப்பு விசாவுக்குக் கொழும்பு பக்கம் பத்தரமுல்லை போக வேண்டும். கம்பெனி ஆள் கூட வருவார், ஒரு நாள் போகும், அவ்வளவுதான். சிம் கார்டுக்கு பாஸ்போர்ட் போதும். கடைக்குத் துணிப்பை கொண்டு போங்கள், 2025 நவம்பரிலிருந்து கைப்பிடி வைத்த பொலித்தீன் பைக்குக் காசு வாங்குகிறார்கள். நாவலப்பிட்டி பக்கம் என்றால் ஸ்வெட்டரைவிடக் குடை முக்கியம். சரி, நான் சொல்ல வந்தது குப்பையைப் பற்றி.

நான் கோத்தகிரிக்காரன். டாஸ்மாக்கில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் 2022இல் முதலில் எங்கள் நீலகிரியில்தான் வந்தது. பிறகு இரண்டு வருடம் தைபேயில் இருந்தேன். அங்கே காசு கொடுத்து வாங்கிய பையில்தான் குப்பை போட முடியும். சமைத்த மிச்சம் பன்றிக்கு, காய்கறித் தோல் உரத்துக்கு என்று அப்போது தனித்தனி வாளி. குப்பை விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்ற திமிரோடுதான் இங்கே வந்து இறங்கினேன்.

தைபேயில் குப்பை லாரி பீத்தோவனின் ‘ஃபூர் எலிஸ்’ மெட்டை ஒலித்துக்கொண்டு வரும். கேட்டதும் பையோடு கீழே ஓட வேண்டும். இங்கே வந்த மறுநாள் விடிகாலையில் அதே மெட்டு. இரண்டு பையைத் தூக்கிக்கொண்டு ஓடினால், நிற்பது பாண் ஓட்டோ, அதாவது பிரெட் விற்கும் ஆட்டோ! கண்ணாடிப் பெட்டி நிறையப் பாணும் பனிஸும். அந்தத் தம்பி என் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்ன அண்ணே வேணும்?" வெட்கத்தில் நான்கு பனிஸ் வாங்கினேன்.

அது சிரித்துவிட்டுப் போகிற கதை. அடுத்தது அப்படியில்லை.

இங்கே ஆட்கள் பேசுவது நம் பேச்சுதான். என் பாட்டி 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இங்கிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். கொழுந்து பறிக்கும் அக்காமார் பேசினால் பாட்டி குரல்தான் கேட்கிறது. (கோத்தகிரியில் எங்களை சிலோன்காரர் என்பார்கள். இங்கே நான் இந்தியாக்காரர்.) ஆனால் நோட்டீஸில் வரும் தமிழ் வேறு. மக்கும் குப்பை அதில் ‘உக்கும்’ குப்பை. கொட்டாங்குச்சி சிரட்டை.

எங்கள் தெருவுக்கு உக்கும் குப்பை எடுக்கத் திங்கட்கிழமை டிராக்டர் வரும். தினம் ஒரு தேங்காய் உடைக்கிற வீடு, பையில் பாதி சிரட்டைதான். டிராக்டரில் வந்த அக்கா பையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "சிரட்டை லேசுல உக்காது தம்பி. தனியாக் கட்டி வைங்க."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தேங்காய் மரத்தில் காய்ப்பதுதானே, எப்படி மக்காமல் போகும்? அத்தனையையும் வேலியோரம் கொட்டினேன். அப்புறம் பத்து நாள் விடாத மழை. நடுவில் கேட்டில் ஒரு துண்டுத்தாள் செருகியிருந்தது: ‘நுளம்பு பரிசோதனை’. ஏதோ நிலவரி சமாசாரம், வீட்டுக்காரர் பாடு என்று மடித்து வைத்துவிட்டேன்.

நுளம்பு என்றால் கொசு.

பிஎச்ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நேராக வேலியோரம் போனார். ஒரு சிரட்டைத் தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி என்னிடம் நீட்டினார். கால்புள்ளி கால்புள்ளியாக நெளிந்துகொண்டிருந்தன. கொசு பெருக விடுவது இங்கே 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நீதிமன்றம் போய் அபராதம் கட்டினேன். அதைவிட, வீட்டுக்கார அம்மாவின் பேரன் போன மாதம்தான் டெங்குவில் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவன். அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. தினமும் வரும் சம்பல் கிண்ணம் மட்டும் மூன்று வாரம் வரவில்லை.

ஆகவே, புரியாத தாள் எது வந்தாலும் அன்றைக்கே பக்கத்து வீட்டில் காட்டுங்கள். தயிர்ச் சட்டி, யோகட் கப், பழைய டயர் எதையும் வாய் திறந்து வெளியே விடாதீர்கள். எங்கள் வீட்டுச் சிரட்டை இப்போது அடுப்பெரிக்க லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) அக்கா ஒருவருக்குப் போகிறது. வாங்கும்போது ஒவ்வொன்றாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துத்தான் சாக்கில் போடுகிறார்.