லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறது, எப்போது சுடலாம்?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி அறுவடை நெருங்கினாலே யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: "லைசென்ஸ் துப்பாக்கிதானே, நம்ம நிலத்துக்குள்ள வந்தா சுடலாம்ல?" பன்றிக்கும் இதே கேள்விதான், திருடனுக்கும் இதே கேள்விதான். லைசென்ஸ் என்பது துப்பாக்கியை வைத்துக்கொள்ள அனுமதி, அவ்வளவுதான். சுட்டது சரியா தப்பா என்பதை வேறு சட்டங்கள் முடிவு செய்கின்றன.

முதலில் லைசென்ஸ். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, நம் மாவட்டங்களில் இதற்குக் கலெக்டரிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். 21 வயது முடிந்திருக்க வேண்டும், போலீஸ் விசாரணை அறிக்கை வர வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, லைசென்ஸ் 5 ஆண்டு செல்லும். முடிவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே புதுப்பிக்கக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று, லைசென்ஸ் ஆளுக்குத்தான், குடும்பத்துக்கு அல்ல. அப்பா இறந்துவிட்டார், அவர் துப்பாக்கி அட்டத்தில் கிடக்கிறது என்றால் அதை எடுத்துக்கொண்டு காவலுக்குப் போகாதீர்கள், ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு விண்ணப்பியுங்கள். கருமருந்து இடித்து பால்ரஸ் (சின்ன இரும்புக் குண்டு) போட்டுச் சுடுகிற கள்ளத் துப்பாக்கி என்றால் பேச்சே இல்லை, கையில் வைத்திருந்ததற்கே 2 முதல் 5 ஆண்டு சிறை, அபராதம் தனி. உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சுட்டேன் என்று நிரூபித்தாலும் லைசென்ஸ் இல்லாத வழக்கு அப்படியே நிற்கும். தானாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று போலீஸ் அவ்வப்போது ஊர் ஊராக அறிவிப்பதுண்டு, அந்தச் சமயத்தில் கொடுத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

எடுத்துப் போகும்போது தோட்டாவைக் கழற்றி உறையில் போட்டுக்கொள்ளுங்கள். கல்யாணத்திலும் திருவிழாவிலும் வானத்தைப் பார்த்துச் சுடுவது கெத்து என்று சிலர் நினைக்கிறார்கள், அஜாக்கிரதையாக அப்படிச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். தேர்தல் நேரத்தில் ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தால் ஒப்படைத்துவிடுங்கள்.

நம் பக்கத்துக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. காவிரி வடக்கு, காவிரி தெற்கு என்று இரண்டு வனவிலங்கு சரணாலயங்கள் இங்கே வந்துவிட்டன. வனவிலங்குச் சட்டப்படி முன் அனுமதி எழுத்தில் இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் வனத்துறையில் பெயரைப் பதிய வேண்டும், புது லைசென்ஸுக்கும் அவர்கள் ஒப்புதல் தேவை. லைசென்ஸ் வைத்திருக்கிற பலருக்கே இது தெரியாது.

சரி, மனிதன் தாக்கினால்? 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, தற்காப்பு அதில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. எதிராளி உயிர் போகிற அளவுக்குச் சட்டம் விடுவது சில சூழ்நிலைகளில்தான்: உங்களையோ இன்னொருவரையோ கொல்ல வருகிறான், கொடுங்காயம் வரும் என்ற நியாயமான பயம், பாலியல் வன்முறை, ஆள்கடத்தல், ஆசிட் வீச்சு போன்றவை. சொத்து என்றால் அடித்துப் பறிக்கிற கொள்ளை, இரவில் வீட்டை உடைத்து நுழைவது, ஆள் குடியிருக்கிற வீட்டுக்குத் தீ வைப்பது, அல்லது திருட வந்தவனாலேயே உயிருக்கு ஆபத்து என்ற நிலை. மாந்தோப்பில் இரண்டு கூடை காய் பறித்துக்கொண்டு ஓடுகிறவன் இதில் எதிலும் வரமாட்டான், அவனை முதுகில் சுட்டுக் கொன்றால் அது கொலை வழக்குதான். போலீஸ் உதவி கேட்க நேரம் இருந்ததா, தேவைக்கு மேல் காயப்படுத்தினீர்களா என்று 37ஆவது பிரிவு கேட்கும். அதற்காகப் பயந்து ஓட வேண்டும் என்றும் சட்டம் சொல்லவில்லை, ஆபத்தில் இருப்பவன் தராசு வைத்து அளந்து அடிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே 2010இல் தர்ஷன் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் தற்காப்பு என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது.

விலங்கு விஷயத்தில் வழி இன்னும் குறுகல். யானையோ பன்றியோ உங்கள் மேலேயே பாய்ந்து வேறு வழியில்லாமல் சுட்டால் வனவிலங்குச் சட்டம் 11ஆவது பிரிவு காப்பாற்றும், பயிரைத் தின்றது என்பதற்காகச் சுட்டால் காப்பாற்றாது. செத்த விலங்கு அரசு சொத்து, கறியாகப் பங்கு போட்டால் அது தனி வழக்கு. பயிர் சேதத்துக்கு வனத்துறையில் இழப்பீடு கேட்கலாம், தொகை போதாது என்பது வேறு விஷயம். என்னைக் கேட்டால் ராத்திரிக் காவலுக்கு நல்ல டார்ச்சும் கூட ஓர் ஆளும் போதும். புதர் அசைகிறது என்று மட்டும் சுடவே கூடாது, பன்றி என்று நினைத்து ஆளைச் சுட்ட செய்தி எத்தனை தடவை வந்தாயிற்று.

ஒருவேளை சுட்டே ஆகிவிட்டது என்றால், உடனே 112க்கு அழையுங்கள், அடிபட்டவன் எதிரியே ஆனாலும் 108க்கும் சொல்லுங்கள். துப்பாக்கியைத் துடைக்காதீர்கள், எதையும் இடம் மாற்றாதீர்கள். அப்புறம் ஒரு வக்கீலைப் பிடியுங்கள், விவரமான வாக்குமூலம் அவரிடம் பேசிவிட்டு. போலீஸ் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனால் ரசீது கேளுங்கள், துப்பாக்கி எண்ணும் மீதித் தோட்டாக் கணக்கும் அதில் எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.