சொந்த சர்வரில் ப்ராடக்ட் அனலிட்டிக்ஸ்: உமாமியை நிறுவி முதல் ஃபன்னலைப் பார்ப்பது வரை

சின்னக் கடைக்காரர்களுக்காக பில் போடும் வெப் ஆப் ஒன்றை எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பதிவு செய்தவர்களில் எத்தனை பேர் முதல் பில் போட்டார்கள்? போட்டவர்களில் எத்தனை பேர் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள்? எந்தத் திரையோடு நிறுத்திக்கொண்டு போகிறார்கள்? இப்படி ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் எஞ்சுகிறார்கள் என்று காட்டும் கணக்குக்குத்தான் ஃபன்னல் என்று பெயர். ப்ராடக்ட் அனலிட்டிக்ஸ் என்பது இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் தேடும் வேலை. இதற்காகப் பயனர்களின் நடமாட்டத்தை வேறொரு நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்பதில்லை. மாதம் சில நூறு ரூபாய் வாடகை சர்வரில், உமாமி போன்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை வைத்து நாமே செய்துகொள்ளலாம்.

எஸ்எஸ்எச் வழியாக ஒரு லினக்ஸ் சர்வருக்குள் போகவும், அங்கே ஒரு ஃபைலைத் திருத்தவும் தெரிந்தால் போதும். மற்றதை இங்கே ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம்.

படி 1: எந்த மென்பொருள்?

இந்தப் பேச்சை எடுத்தாலே டெவலப்பர்கள் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுவார்கள். தரவு நம் கையில்தான் இருக்க வேண்டும் என்பது ஒரு அணி. 2022 ஜனவரியில் ஆஸ்திரியாவின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், ஒரு வெப்சைட் கூகுள் அனலிட்டிக்ஸைப் பயன்படுத்திய விதம் ஐரோப்பியச் சட்டத்துக்குப் புறம்பானது என்று சொன்னது. பயனர் தகவல் அமெரிக்காவுக்குப் போனதுதான் சிக்கல். அடுத்த மாதமே பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையமான சிஎன்ஐஎல்லும் அதே முடிவுக்கு வந்தது. மறு அணியின் கேள்வி வேறு: ராத்திரியில் டிஸ்க் நிறைந்து டேட்டாபேஸ் நின்றுபோனால் எழுந்து பார்ப்பது யார்?

இரண்டுமே நியாயம். தனியாளாகவோ இரண்டு மூன்று பேராகவோ வேலை செய்பவர்களுக்கு என் பரிந்துரை இதுதான்: சொந்த சர்வரில் வையுங்கள், ஆனால் பராமரிப்பு குறைவாக உள்ளதை வையுங்கள்.

இந்த வகை மென்பொருள்களில், வசதிகள் என்று பார்த்தால் போஸ்ட்ஹாக்கை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஃபன்னல், செஷன் ரீப்ளே (பயனர் திரையில் செய்ததை வீடியோ போலப் பார்ப்பது), ஃபீச்சர் ஃப்ளாக் (ஒரு வசதியைச் சிலருக்கு மட்டும் திறப்பது), ஏ/பி டெஸ்ட் (இரண்டு வடிவங்களை ஒப்பிடுவது) எல்லாம் உண்டு. 2020-ல் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை மட்டும் வைத்துத் தொடங்கினார்கள். ஈவென்ட்டுகள் (பயனர் செய்யும் ஒவ்வொரு செயலின் பதிவு) பெருகியதும் க்ளிக்ஹவுஸ் என்ற வேறொரு டேட்டாபேஸுக்கு மாறினார்கள். இன்று அதை நிறுவினால் க்ளிக்ஹவுஸ், காஃப்கா, ரெடிஸ், போஸ்ட்கிரெஸ் போன்ற துணை மென்பொருள்கள் எல்லாம் கூடவே வரும். சொந்த சர்வரில் வைக்கும் வடிவத்துக்கு ‘ஹாபி’ என்று பெயர். மாதம் ஏறத்தாழ 1 லட்சம் ஈவென்ட்டைத் தாண்டினால் தங்கள் கிளவுடுக்கு மாறச் சொல்லி அவர்களே எழுதியிருக்கிறார்கள். தொடக்கக்காரர் தலையில் இவ்வளவையும் ஏற்றக் கூடாது என்றுதான் நினைக்கிறேன்.

ப்ளாசிபிள் பார்க்க அழகு, பயன்படுத்தவும் எளிது. ஆனால் அதன் இலவச கம்யூனிட்டி எடிஷனில் ஃபன்னல் இல்லை. 2007-ல் பிவிக் என்ற பெயரில் வந்து, 2018-ல் பெயர் மாறிய மாடோமோ பழுத்த அனுபவம் உள்ளது. அதிலும் ஃபன்னலுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். நமக்கு வேண்டியதே ஃபன்னல்தான்.

உமாமியில் அது இலவசமாகவே உண்டு. எம்ஐடி உரிமம். நெக்ஸ்ட்.ஜேஎஸ்ஸில் எழுதிய ஒரு ஆப், பக்கத்தில் ஒரு போஸ்ட்கிரெஸ், அவ்வளவுதான். குக்கியும் வைப்பதில்லை. இதையே நிறுவுவோம்.

படி 2: சர்வர்

2 ஜிபி ராம் உள்ள உபுண்டு சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரையும், பல கன்டெய்னர்களை ஒரே ஃபைலை வைத்து ஓட்டும் அதன் கம்போஸ் ப்ளகினையும் டாக்கரின் அதிகாரபூர்வ வழிகாட்டியைப் பார்த்து நிறுவிக்கொள்ளுங்கள். உங்கள் டொமைனில் ‘ஸ்டாட்ஸ்’ மாதிரி ஒரு சப்டொமைன் உருவாக்கி, அதன் ஏ ரெக்கார்டில் (டொமைனை ஐபியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவு) சர்வரின் ஐபி முகவரியைக் கொடுங்கள்.

படி 3: கம்போஸ் ஃபைலைத் திருத்துவது

உமாமியின் கிட்ஹப் களஞ்சியத்தில் டாக்கர் கம்போஸ் ஃபைல் ஒன்று இருக்கிறது. அதை சர்வரில் இறக்கிக்கொள்ளுங்கள். உடனே ஓட்டிவிடாதீர்கள், முதலில் நான்கு இடங்களை மாற்ற வேண்டும்.

முதலாவது, ஆப் சீக்ரெட், அதாவது உமாமி உள்ளுக்குள் பயன்படுத்தும் ரகசியச் சரம். அங்கே மாதிரிக்கு ஒரு வாசகம் இருக்கும். ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ‘ராண்ட்’ கட்டளையை ‘ஹெக்ஸ்’ கொடியோடு ஓட்டி, கிடைக்கும் நீளமான சரத்தை அந்த இடத்தில் போடுங்கள்.

இரண்டாவது, டேட்டாபேஸ் பாஸ்வேர்டு. இது இரண்டு இடத்தில் வரும்: போஸ்ட்கிரெஸ் பகுதியில் ஒன்று, உமாமி பகுதியில் டேட்டாபேஸ் முகவரிக்குள் ஒன்று. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இதற்கும் ஹெக்ஸ் சரமே பாதுகாப்பு. பாஸ்வேர்டில் ‘அட்’ குறியோ சாய்கோடோ வந்துவிட்டால் அந்த முகவரி தப்பாகப் பிரிந்து, இணைப்பே கிடைக்காது. இன்னொன்று: டேட்டாபேஸ் முதல்முறை உருவாகும்போதுதான் போஸ்ட்கிரெஸ் இந்த பாஸ்வேர்டை எடுத்துக்கொள்ளும். ஒருமுறை ஓட்டிவிட்டுப் பிறகு ஃபைலில் மாற்றினால் உள்ளே பழையதே இருக்கும்.

மூன்றாவது, போர்ட். ஃபைலில் 3000:3000 என்று இருக்கும். அதை 127.0.0.1:3000:3000 என்று மாற்றுங்கள். இதை விட்டுவிடவே கூடாது. யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்டு 3000-ஐ மூடிவிட்டோம் என்று பலர் நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் டாக்கர் திறக்கும் போர்ட்டுகள் யுஎஃப்டபிள்யூவின் விதிகளுக்குள் வருவதில்லை. டாக்கர் லினக்ஸின் ஐபிடேபிள்ஸ் ஃபயர்வாலில் தனக்கென்று விதிகளை எழுதிக்கொள்ளும். ஃபயர்வால் மூடியிருப்பதாகக் காட்டினாலும் வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். 127.0.0.1 என்று கட்டிவிட்டால் அந்த சர்வருக்குள்ளிருந்து மட்டும்தான் அந்தப் போர்ட்டைத் தொட முடியும்.

நான்காவது, இமேஜின் (டாக்கர் இறக்கி ஓட்டும் உமாமி பொதியின்) பதிப்பு. ‘லேட்டஸ்ட்’ என்று விடாமல் குறிப்பிட்ட பதிப்பு எண்ணைப் போடுங்கள். எப்போது மாறுவது என்பது உங்கள் முடிவாக இருக்கட்டும்.

இப்போது ‘டாக்கர் கம்போஸ் அப்’ கட்டளையை, பின்னணியில் ஓடும்படி ‘-d’ சேர்த்துக் கொடுங்கள். டேபிள்களை உமாமியே உருவாக்கிக்கொள்ளும்.

படி 4: எச்டிடிபிஎஸ்

கேடி என்ற வெப் சர்வரை நிறுவுங்கள். அதன் கான்ஃபிக் ஃபைலில் உங்கள் சப்டொமைனை எழுதி, அதற்குள் ‘ரிவர்ஸ் ப்ராக்ஸி’ (வெளியிலிருந்து வரும் கோரிக்கையை உள்ளே ஓடும் ஆப்புக்குக் கடத்துவது) என்று லோக்கல்ஹோஸ்ட் 3000-ஐக் காட்டினால் போதும். எச்டிடிபிஎஸ்ஸுக்கான சான்றிதழை அதுவே வாங்கி, அதுவே புதுப்பித்துக்கொள்ளும். 80, 443 போர்ட்டுகள் திறந்திருக்க வேண்டும்.

பிரவுசரில் சப்டொமைனைத் திறந்தால் லாகின் பக்கம் வரும். பயனர் பெயர் ‘அட்மின்’, பாஸ்வேர்டு ‘உமாமி’. இது ஊருக்கே தெரிந்த பாஸ்வேர்டு; நுழைந்ததும் முதல் வேலையாக மாற்றுங்கள்.

படி 5: பேக்கப், இப்போதே

தரவு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். போஸ்ட்கிரெஸ் கன்டெய்னருக்குள், டேட்டாபேஸை ஃபைலாக எடுக்கும் ‘பிஜி டம்ப்’ ஓட்டி, வரும் ஃபைலைச் சுருக்கி, வேறொரு இடத்துக்கு அனுப்பும் சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, தினமும் இரவில் ஓடும்படி கிரானில் போடுங்கள். கன்டெய்னருக்குள் கட்டளை ஓட்டும் ‘எக்ஸெக்’குக்கு ‘-T’ (ஆங்கிலப் பெரிய எழுத்து) கொடியைக் கொடுங்கள். கிரானில் டெர்மினல் கிடையாது. இந்தக் கொடி இல்லாவிட்டால் கையால் ஓட்டும்போது சரியாக இருக்கும் ஸ்கிரிப்ட், கிரானில் மட்டும் வெறும் ஃபைலை விட்டுவிட்டுப் போகலாம். ஒரு பேக்கப்பை உங்கள் லேப்டாப்பில் மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை.

அப்டேட்டும் இதோடு சேர்ந்த வேலைதான். 2025 டிசம்பரில் ரியாக்ட் சர்வர் காம்போனன்ட்ஸில் மிகக் கடுமையான ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியானது, உமாமி எழுதப்பட்ட நெக்ஸ்ட்.ஜேஎஸ்ஸும் அதில் சிக்கியது. லாகின் இல்லாமலே சர்வருக்குள் கட்டளை ஓட்டக்கூடிய ஓட்டை அது. கிட்ஹப்பில் உமாமியின் ரிலீஸ் அறிவிப்புகள் மெயிலில் வரும்படி செய்துவையுங்கள். பேக்கப் எடுத்துவிட்டு, பதிப்பு எண்ணை மாற்றி, மறுபடி ‘அப்’ கொடுத்தால் அப்டேட் முடிந்தது.

படி 6: டிராக்கரைச் சேர்ப்பது

‘வெப்சைட்ஸ்’ பகுதியில் உங்கள் ஆப்பின் பெயரையும் டொமைனையும் கொடுத்தால் ஒரு ஸ்கிரிப்ட் வரி கிடைக்கும், அதுதான் டிராக்கர். அதை ஆப்பின் ‘ஹெட்’ பகுதியில் ஒட்டுங்கள். ‘டேட்டா டொமைன்ஸ்’ என்ற பண்பில் உங்கள் நிஜ டொமைனை மட்டும் எழுதினால், லேப்டாப்பில் டெவலப் செய்யும்போது உண்டாகும் ஈவென்ட்டுகள் கணக்கில் கலக்காது.

சரியாக வேலை செய்கிறதா? பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்துவைத்துப் பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். ‘ஏபிஐ’, ‘செண்ட்’ என்று முடியும் கோரிக்கை 200 என்று வந்தால் சரி. கோரிக்கையே போகவில்லை என்றால் ஆட்பிளாக்கரையும் உங்கள் ஆப்பின் சிஎஸ்பி ஹெட்டரையும் (பக்கம் எந்த முகவரிகளோடு பேசலாம் என்று கட்டுப்படுத்துவது) பாருங்கள். 200 வந்தும் டாஷ்போர்டில் எதுவும் ஏறவில்லை, பதிலில் ‘பீப்’, ‘பூப்’ என்று இருக்கிறது என்றால், உமாமி உங்களை பாட் (தானியங்கி நிரல்) என்று முடிவு செய்துவிட்டது. கர்ல் கட்டளை கொண்டோ, திரையில்லாமல் ஓடும் ஹெட்லெஸ் பிரவுசர் கொண்டோ சோதிப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். சாதாரண பிரவுசரில் பாருங்கள்.

படி 7: ஈவென்ட்டுகள்

எந்த மென்பொருளை வைத்தாலும் பயன் கிடைப்பதும் கெடுவதும் இந்த இடத்தில்தான். எல்லா பட்டனிலும் ஈவென்ட் ஒட்டாதீர்கள். முதலில் ஒரு தாளில் கேள்வியை எழுதுங்கள்: ‘பதிவு செய்தவர் முதல் பில் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாரா?’ இதற்கு மூன்று ஈவென்ட் போதும்: ‘பதிவு முடிந்தது’, ‘பில் சேமிக்கப்பட்டது’, ‘பில் பகிரப்பட்டது’.

பெயர்களைக் கவனியுங்கள். ‘சேமி பட்டன் அழுத்தப்பட்டது’ என்று வைக்கவில்லை. பட்டனை அழுத்தியவருக்கு ஜிஎஸ்டி எண் தப்பு என்று பிழை வந்திருக்கலாம், பில் சேமிக்கப்பட்டிருக்காது. சர்வரிலிருந்து வெற்றி என்று பதில் வந்த பிறகு, ‘உமாமி.டிராக்’ ஃபங்ஷனை ஈவென்ட்டின் பெயரோடு கூப்பிடுங்கள். பெயர் 50 எழுத்துக்குள் இருக்க வேண்டும். எச்டிஎம்எல்லில் ‘டேட்டா உமாமி ஈவென்ட்’ என்ற பண்பைச் சேர்த்தாலும் ஈவென்ட் பதிவாகும். ஆனால் அது அழுத்தியதைத்தான் எண்ணும்; கூடவே அனுப்பும் எண்களும் வெறும் எழுத்தாகத்தான் சேமிக்கப்படும். பில்லில் எத்தனை பொருள் என்று பின்னால் கூட்டிப் பார்க்க வேண்டுமானால் ஃபங்ஷன் வழியே போங்கள். கடைப் பெயர், போன் நம்பர், பில் தொகை எதையும் ஈவென்ட்டோடு அனுப்பாதீர்கள். சொந்த சர்வர் என்பதாலேயே சட்டப் பொறுப்பு நீங்கிவிடாது.

படி 8: ஒரே ஆள்தானா?

குக்கி இல்லாமல் உமாமி ஆளை எப்படி அடையாளம் காண்கிறது? ஐபி, பிரவுசர் விவரம் இவற்றோடு மாதாமாதம் மாறும் ஒரு சால்ட்டைச் (கூடுதல் சரம்) சேர்த்து ஹாஷ் செய்கிறது, அதாவது ஒரு அடையாளக் குறியீடாக மாற்றுகிறது. அதனால் போன மாதம் வந்தவர் இந்த மாதம் வந்தால் புது ஆளாகத் தெரிவார். செய்தித் தளத்துக்கு இது பரவாயில்லை. லாகின் செய்து பயன்படுத்தும் ஆப்புக்கு, தொடர்ந்து வருபவர் எத்தனை பேர் என்ற கணக்கே தப்பாகிவிடும். எனவே லாகின் ஆனதும் ‘உமாமி.ஐடென்டிஃபை’ ஃபங்ஷனை ஒரு அடையாள எண்ணோடு கூப்பிடுங்கள். அது மெயிலாகவோ போன் நம்பராகவோ இருக்கக் கூடாது. உங்கள் டேட்டாபேஸில் உருவாகும் ரேண்டம் ஐடியாக இருக்கட்டும். இப்படிச் செய்தால் உங்கள் ப்ரைவசி பக்கத்தில் அதைச் சொல்லிவிடுங்கள்.

படி 9: ஃபன்னல்

சில வாரத் தரவு சேர்ந்ததும் ஃபன்னல் பகுதியில் அந்த மூன்று ஈவென்ட்டையும் வரிசையாகக் கொடுங்கள். எத்தனை நிமிடத்துக்குள் அடுத்த படிக்குப் போக வேண்டும் என்று ஒரு ‘விண்டோ’ கேட்கும். பலர் இதை அப்படியே விட்டுவிட்டு, ‘யாருமே பில் போடவில்லை’ என்று பதறுவார்கள். கடைக்காரர் காலையில் பதிவு செய்துவிட்டு, வியாபாரம் ஓய்ந்த பிறகு ராத்திரி பில் போடுவார். ஒரு நாள் என்றால் 1440 நிமிடம், அங்கிருந்து தொடங்குங்கள்.

வீழ்ச்சி எந்தப் படியில் அதிகம் என்று தெரிந்ததும், ஆப்பின் சோர்ஸ் கோடைத் திறப்பதற்கு முன் அங்கே நின்றுபோனவர்களில் ஐந்தாறு பேருக்குப் போன் செய்து கேளுங்கள். திரையை மாற்றி வெளியிட்ட தேதியைக் குறித்துவையுங்கள். அதற்கு முந்தைய இரண்டு வாரம், பிந்தைய இரண்டு வாரம் என்று தேதியை மாற்றி அதே ஃபன்னலை மறுபடி ஓட்டிப் பாருங்கள். மாதக் கடைசி, பண்டிகை நாட்கள் ஒரு பக்கம் மட்டும் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.