உலக வரலாற்று ஆண்டுகளை ஊர்க் கணக்கோடு கட்டி வையுங்கள்

டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர்கள் உலக வரலாற்று ஆண்டுகளைத் தனியாக மனப்பாடம் செய்தால் வாரத்தில் கரைந்துவிடும். ஏற்கெனவே தெரிந்த காவிரி டெல்டா வரலாற்று ஆண்டோடு முடிச்சுப் போடுங்கள்.

நோட்டில் குறுக்கே ஒரு கோடு. மேலே நம்ம ஊர், கீழே உலகம். தரங்கம்பாடியில் டேனியர்கள் கோட்டை கட்டத் தொடங்கிய 1620-க்கு நேர் கீழே ஆங்கிலேயக் குடியேறிகளோடு மேஃப்ளவர் கப்பல் அமெரிக்கா போனது. காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன 1739-க்குக் கீழே பாரசீக மன்னர் நாதிர்ஷா டெல்லியைச் சூறையாடியது. 1934 ஆகஸ்டில் மேட்டூர் அணை திறப்பு. அதே மாதம் ஜெர்மன் அதிபர் ஹிண்டன்பர்க் இறந்து, ஹிட்லர் ஜெர்மனியின் முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டார்.

இதில் 1781-தான் அருமையான முடிச்சு. அக்டோபர் 19-ல், அமெரிக்க விடுதலைப் போரில், யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்தார். அடுத்த மாதமே நாகப்பட்டினத்தை டச்சுக்காரரிடமிருந்து பிரிட்டிஷார் பிடித்தார்கள். அங்கே தோல்வி, இங்கே வெற்றி. பின்னாளில் இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலாக வந்ததும் இதே கார்ன்வாலிஸ்தான். கேள்வி அங்கிருந்தும் வரும்.

வழுக்கும் இடங்கள் இரண்டு. பெரிய கோயில் 1010, அது 11-ஆம் நூற்றாண்டு. 10 என்று குறித்து மதிப்பெண் விடுகிறவர்கள் ஏராளம். ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி நம் காலண்டரில் 1917 நவம்பர் 7; அப்போது அங்கே இருந்த பழைய ஜூலியன் காலண்டர் 13 நாள் பின்தங்கியிருந்தது, அதில் அக்டோபர் 25.

ஒரு பக்கத்துக்கு எட்டு முடிச்சுக்கு மேல் வேண்டாம். மறுநாள் கீழ்வரிசையைக் கையால் மறைத்துச் சொல்லிப் பாருங்கள்.