குளிர்காலத்துக்கு டீசல் எங்கே போடுவது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிர் தொடங்கியதும் பட்டறைக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "காலையில ஸ்டார்ட் ஆச்சு சார். கொஞ்ச தூரம் போனதும் பிக்கப் போயிடுச்சு, அப்புறம் நின்னே போச்சு." நேற்று டீசல் எங்கே போட்டீர்கள் என்று கேட்டால், தொண்ணூறு சதவீதம் கதை அங்கேயே புரிந்துவிடும். குளிர்ப் பகுதிக்குப் புதிதாக வண்டி கொண்டுவருகிறவர்கள், இந்தத் தொழிலில் எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரு காலத்தில் இடறிய அதே கல்லில்தான் இடறுகிறார்கள். பேட்டரியைப் பார்த்துக்கொள், ஃபில்டரை மாற்று என்பதெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். இங்கே டீசலை எங்கே, எப்போது வாங்குவது என்பதை மட்டும் பேசலாம்.

அதற்கு முன் ஒரே ஒரு விஷயம். டீசலில் பாரஃபின் மெழுகு இயல்பாகவே கரைந்திருக்கிறது. அது கலப்படம் அல்ல. எரியும்போது நல்ல சக்தி தருகிற பகுதியே அதுதான். தேங்காய் எண்ணெய் குளிரில் உறைகிற மாதிரி, வெப்பம் குறையும்போது இந்த மெழுகு சின்னச் சின்னப் படிகங்களாகப் பிரிகிறது. டீசல் முதலில் மங்கும், பிறகு ஃபில்டர் அடைக்கும், கடைசியில்தான் ஒரேயடியாகக் கெட்டியாகும். வண்டி நிற்பது இரண்டாவது கட்டத்திலேயே. குளிர்கால டீசல் என்பது இந்த மெழுகைச் சுத்திகரிப்பு ஆலையிலேயே குறைத்தோ, படிகங்கள் பெரிதாக வளராதபடி மருந்து சேர்த்தோ, இரண்டும் செய்தோ வருவது.

பங்க்கில் நன்றாகத்தானே ஓடியது?

ஓடும். பங்க்கின் டேங்க் பெரும்பாலும் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. மேலே மைனஸ் 15 டிகிரி இருந்தாலும் மண்ணுக்கடியில் அவ்வளவு குளிர் இறங்காது. அங்கே கோடை டீசல் இருந்தால்கூடத் தெளிவாக, தண்ணீர் மாதிரி உங்கள் டேங்க்குக்கு வந்துவிடும். அதன் உண்மையான குணம் ராத்திரி உங்கள் வண்டிக்கு அடியில், காற்றில் தொங்குகிற டேங்க்கில்தான் தெரியும். நாசிலிலிருந்து வரும் டீசலைப் பார்த்துத் தரத்தைச் சொல்கிறேன் என்பவரை நம்பாதீர்கள். நிறமும் எதையும் சொல்லாது.

மலிவான இடத்தில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு குளிருக்குள் போவது

எனக்கு இன்னமும் எரிச்சல் தருகிற தவறு இதுதான். மற்றவை அறியாமையால் நடப்பவை. இது கணக்குப் போட்டுச் செய்யப்படுகிறது.

ஒரு லாரி கம்பெனி. கீழே, மிதமான குளிர் உள்ள ஊரில் அவர்களுக்கு வழக்கமான பங்க் ஒன்று உண்டு. லிட்டருக்குக் கொஞ்சம் தள்ளுபடி. அங்கேயே இரண்டு டேங்க்கையும் நிரப்பிக்கொண்டு மேலே போக வேண்டும் என்று மேனேஜர் உத்தரவு. மேலே விலை அதிகம், அங்கே டீசல் போட்டால் டிரைவர் காரணம் எழுதித் தரவேண்டும். டிரைவர் சொன்னபடி செய்தார். மேலே போய் ராத்திரி நிறுத்தினார். மைனஸ் 18 டிகிரி வரை இறங்கிய இரவு.

காலையில் வண்டி ஸ்டார்ட் ஆனது. ஏமாற்றுவது இந்த இடம்தான். இன்ஜினுக்குப் பக்கத்துக் குழாயிலும் ஃபில்டரிலும் இருக்கும் கொஞ்ச டீசல் போதும், சில நிமிடம் ஓடிவிடும். பிறகு டேங்க்கிலிருந்து மெழுகோடு வருகிற டீசல் ஃபில்டரில் படிந்துகொண்டே போகும். ஏற்றத்தில் இழுக்கும்போது டீசல் அதிகம் தேவைப்படும், அங்கே நின்றது. கிளீனர் புது ஃபில்டர் போட்டார். அதுவும் கொஞ்ச நேரத்தில் அடைத்தது. உறைவுத் தடுப்பு மருந்தை ஒரு பாட்டில் முழுக்க டேங்க்கில் ஊற்றினார்கள். பலனில்லை. அந்த வகை மருந்து, மெழுகு பிரிவதற்கு முன் கலந்தால் படிகங்களைச் சிறிதாக வைத்திருக்கும். பிரிந்துவிட்ட மெழுகைத் திரும்பக் கரைக்காது. பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்த நடுரோட்டில் யார் படிக்கப் போகிறார்கள்? விடாமல் செல்ஃப் அடித்ததில் ஸ்டார்ட்டர் மோட்டாரும் போனது.

இழுவை வண்டி வந்தது, சூடான ஷெட்டுக்குள் ஏற்றினோம். நூற்றுக்கணக்கான லிட்டர் டீசல் உள்ளே வரை ஆற அமரச் சூடாக வேண்டும், அவசரப்படுத்த முடியாது. டேங்க்குக்கு அடியில் தீ மூட்டுகிறவர்களைப் பற்றிப் பேசவே எனக்கு விருப்பமில்லை. அந்த லோடுக்குத் தாமத அபராதம் தனி.

இதெல்லாம்கூடப் போகட்டும். மாதக் கடைசியில் அதே மேனேஜர் டீசல் செலவு குறைந்திருக்கிறது என்று கணக்குக் காட்டினார். அவர் சொன்னது பொய்யில்லை! டீசல் கணக்கில் லாபம்தான். இழுவைக் கூலி ரிப்பேர் கணக்கில், அபராதம் வேறொரு கணக்கில், ஸ்டார்ட்டர் மோட்டார் உதிரிபாகக் கணக்கில். மூன்றையும் ஒரே தாளில் யாரும் எழுதாததால் இந்தத் தவறு ஒவ்வொரு வருடமும் லாபகரமாகத் தெரிகிறது. ஆகவே திரும்பவும் நடக்கிறது.

சரி, செய்ய வேண்டியது என்ன? ராத்திரி வண்டி எங்கே நிற்கப்போகிறதோ, அந்தக் குளிருக்கு விற்கப்படும் டீசல் உங்கள் டேங்க்கில் இருக்கவேண்டும். கிளம்பும் இடத்தில் குறைவாகப் போட்டு, மேலே போய்ச் சேரும்போது டேங்க்கில் கால் பங்குக்கு மேல் இல்லாதபடி திட்டமிடுங்கள். அங்கே உள்ளூர் லாரிகளும் பஸ்களும் டீசல் போடுகிற பங்க்கில் நிரப்புங்கள். முக்கால் டேங்க் கோடை டீசல் மேல் கால் டேங்க் குளிர் டீசலை ஊற்றினால் குளிர் டீசலுக்குத்தான் நஷ்டம். கலவை பெரும்பாலும் மட்டமான பக்கத்துக்கே சாயும்.

நிரப்பியதும் பக்கத்திலேயே நிறுத்திப் படுத்துவிடாதீர்கள். குழாயிலும் ஃபில்டரிலும் இன்னும் பழைய டீசல்தான் இருக்கிறது. ஒரு பதினைந்து, இருபது நிமிடமாவது ஓட்டிவிட்டு அப்புறம் நிறுத்துங்கள். இரண்டு டேங்க் வண்டியில் ஒன்றை மட்டும் நிரப்பி, மற்றதில் கீழே போட்ட டீசலை அப்படியே விடுகிறவர்களும் உண்டு. அதற்கும் தனியாகத் திட்டு வாங்க வேண்டியிருக்கும்.

மேலே பங்க்கே இல்லாத பாதை என்றால் குறைந்த டீசலோடு போவது முட்டாள்தனம். அந்த நிலையில் கீழேயே உறைவுத் தடுப்பு மருந்தை, டீசல் இன்னும் தெளிவாக இருக்கும்போது, சொன்ன அளவில் முதலில் டேங்க்கில் ஊற்றிவிட்டு அதன்மேல் டீசலை நிரப்புங்கள், தானாகக் கலந்துகொள்ளும். மருந்துக்கும் எல்லை உண்டு. நல்ல கோடை டீசலைச் சில டிகிரி கீழே இழுக்குமே தவிர, மைனஸ் 30க்குக் கொண்டுபோகாது.

காலண்டரை நம்புவது

குளிர் அதிகமுள்ள நாடுகளில் எந்தத் தேதியிலிருந்து எந்த டீசல் விற்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஜெர்மனியில் நவம்பர் 16 முதல் பிப்ரவரி கடைசி வரை மைனஸ் 20 டிகிரி தாங்கும் டீசல். அதற்கு முன்னும் பின்னும் சில வாரங்களுக்கு மைனஸ் 10. விதி நல்ல விதிதான். ஆனால் குளிர் தேதி பார்த்து வருவதில்லை. சீக்கிரமே வந்துவிட்ட குளிரில் சிக்கிய வண்டிகள்தான் பட்டறையில் அதிகம்.

இதனால் பங்க்கைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது விற்பனை வேகத்தை. வாரத்துக்குப் பலமுறை டேங்கர் வந்து இறக்குகிற பங்க்கில் பழைய சரக்கு தானாகத் தீர்ந்திருக்கும். ஒதுக்குப்புறத்தில் நாளைக்கு நாலு வண்டி வருகிற பங்க்கில், இலையுதிர் காலத்துச் சரக்கின்மேல் குளிர்கால டீசல் இறக்கப்பட்டிருக்கலாம். அவர்கள் ஏமாற்றவில்லை, விற்கவில்லை அவ்வளவுதான். "கடைசி லோடு எப்போது வந்தது, எந்தக் கிரேடு?" என்று கேளுங்கள். நல்ல பங்க்காரர் டெலிவரி சீட்டைக் காட்டுவார். கேள்வியே புரியாமல் விழிக்கிறவரிடம் அடுத்த பங்க்குக்குப் போகும் அளவுக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணைத் தவறாகப் படிப்பது

டீசலோடு மூன்று வெப்பநிலைகள் வரும். கிளவுட் பாயிண்ட் என்பது மெழுகு முதலில் கண்ணுக்குத் தெரிகிற நிலை. சிஎஃப்பிபி (குளிரில் ஃபில்டர் அடைக்கும் நிலை) என்பது ஒரு சோதனை: 45 மைக்ரான் வலை வழியாக 20 மில்லி டீசலை மெல்லிய உறிஞ்சலில் இழுப்பார்கள்; 60 விநாடிக்குள் வராமல் போகிற வெப்பநிலைதான் அந்த எண். போர் பாயிண்ட் என்பது டீசல் அசையக்கூடிய கடைசி எல்லை. இந்த மூன்றில் போர் பாயிண்ட்தான் கேட்க அழகாக இருக்கும், ஏனென்றால் அதுதான் மிகவும் கீழே இருக்கும். இந்தியன் ஆயில் 2019இல் லடாக்குக்கு என்று கொண்டுவந்த குளிர்கால டீசலின் மைனஸ் 33 டிகிரியும் போர் பாயிண்ட்தான். நல்ல சரக்கு, அங்கே அது மிகவும் தேவையும்கூட. ஆனால் எந்த டீசலாக இருந்தாலும் போர் பாயிண்ட்டைப் பார்த்து "அதுவரை வண்டி ஓடும்" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. டீசல் அசைவது வேறு, ஃபில்டருக்குள் நுழைவது வேறு.

ஐரோப்பாவின் இஎன் 590 தரத்தில் கிரேடுகள் சிஎஃப்பிபியை வைத்துப் பிரிக்கப்பட்டிருக்கின்றன: ஏ என்றால் பிளஸ் 5, அங்கிருந்து ஐந்தைந்து டிகிரியாக இறங்கி எஃப் மைனஸ் 20. அதற்கும் கீழே ஆர்க்டிக் வகுப்புகள் தனி. கடைசி வகுப்பு மைனஸ் 44. சோதனை வலை 45 மைக்ரான், உங்கள் வண்டியின் ஃபில்டர் அதைவிடப் பல மடங்கு நுணுக்கம். ஆகவே சிஎஃப்பிபியையும் விளிம்புவரை நம்பாமல் சில டிகிரி விட்டுவைப்பது நல்லது. வண்டி பல நாள் நிற்கப்போகிறது என்றால் கிளவுட் பாயிண்ட்டையும் கேளுங்கள். அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் நீண்ட நேரம் கிடக்கிற டீசலில் மெழுகு மெல்ல அடியில் போய்ப் படியும், உறிஞ்சும் குழாயும் அங்கேதான் இருக்கிறது.

காற்றோடு சேர்த்து உணரும் குளிரை டீசலுக்கும் கணக்குப் போடுவது

அது மனிதனுக்கு. டீசல் காற்றின் உண்மையான வெப்பநிலைக்குக் கீழே போகாது, காற்று அடித்தால் சீக்கிரம் அங்கே போய்ச் சேரும், அவ்வளவே.

பிரீமியம் என்றால் குளிர் டீசல் என்று நினைப்பது

இல்லை. பல பிரீமியம் டீசல்கள் இன்ஜினைச் சுத்தமாக வைக்கும் மருந்துக்காகக் காசு வாங்குகின்றன. சிஎஃப்பிபி எவ்வளவு என்று கேளுங்கள்.

பயோடீசல் கலவையைக் கவனிக்காமல் விடுவது

இதைப் பங்க்கின் ஸ்டிக்கரிலேயே போட்டிருப்பார்கள், நாம்தான் படிப்பதில்லை. பி7 என்றால் 7 சதவீதம் வரை பயோடீசல், பி20 என்றால் 20. எதிலிருந்து செய்தது என்பதுதான் விஷயம். பாமாயிலிலிருந்து செய்த பயோடீசல் பத்து டிகிரிக்கு மேலேயே மங்கத் தொடங்கிவிடும். கடுகு வகையைச் சேர்ந்த ரேப்சீட் எண்ணெயிலிருந்து செய்தது பூஜ்யத்துக்குக் கீழே வரை தாங்கும். கடுங்குளிரில் எனக்குத் தேர்வு இருந்தால் கலவை குறைந்த பம்ப்பில்தான் நிறுத்துவேன். எச்விஓ என்று விற்கும் புதுவகைத் தாவர டீசலை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேறு முறையில் செய்யப்படுவது. கடுங்குளிருக்கென்றே தயாரித்ததும் கிடைக்கிறது.

டேங்கர் இறக்கும்போது போடுவது

காத்திருங்கள், அல்லது வேறு பங்க். அடியில் இருக்கும் தண்ணீரும் கசடும் அப்போதுதான் கலங்கும். பூஜ்யம் டிகிரியிலேயே அந்தத் தண்ணீர் ஃபில்டரில் பனிக்கட்டியாகிவிடும், டீசல் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும்.

டீசலில் பெட்ரோல் கலப்பது

பழைய இன்ஜின்களின் காலத்து வைத்தியம். இப்போதைய ஹை பிரஷர் பம்ப்புக்கு டீசல்தான் மசகு. பெட்ரோல் அதைக் கழுவிவிடும், தீ ஆபத்தும் கூடும். மண்ணெண்ணெயும் மசகைக் குறைக்கும். பல நாடுகளில் சாலை வண்டியில் அதைக் கலப்பது சட்டவிரோதம்.

மைலேஜ் குறைகிறது என்று குளிர் டீசலைக் குறை சொல்வது

கொஞ்சம் குறையும். மெழுகோடு கொஞ்சம் சக்தியும் போகிறது. அதற்குப் பங்க்கை மாற்றாதீர்கள்.

சோதித்துப் பார்க்காமலே ஒரு பங்க்குக்கு வாடிக்கையாவது

சீசன் தொடங்கும்போது ஒவ்வொரு பங்க்கிலும் போட்ட டீசலில் கொஞ்சம் எடுத்து, சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் பங்க் பெயரும் தேதியும் எழுதி, இரவு முழுக்க வெளியே, குழந்தைகளுக்கும் தீக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். காலையில் எது தெளிவாக இருக்கிறது, எது மங்கியிருக்கிறது, எதன் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது என்று பார்த்தாலே போதும். மங்கியதை உள்ளே கொண்டுவந்து, அறைச் சூட்டுக்கு வந்ததும் மறுபடி பாருங்கள். தெளிந்துவிட்டால் அது மெழுகு. தெளியாமல் அடியில் துளிகள் நின்றால் தண்ணீர். அந்தப் பங்க்குக்குக் கோடையிலும் போக வேண்டாம். பில்லைப் பாட்டிலோடு ரப்பர் பேண்ட் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பங்க்காரரிடம் பேசப் போகும்போது அது இல்லாமல் யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை.