பிரான்ஸ் கால்வாயில் படகுக் குடித்தனம்

படகில் குடியிருக்கிறோம் என்றதும் எல்லோரும் கேட்பது, என்ன விலை என்றுதான். நான் திருப்பிக் கேட்பது வேறு: குளிர்காலத்தில் எங்கே நிற்கப் போகிறீர்கள்? குளிர் தொடங்கியதும் பல கால்வாய்களைப் பராமரிப்புக்காக மூடுவார்கள், சில பகுதிகளில் தண்ணீரையே வடித்துவிடுவார்கள். 'ஷோமாஜ்' என்று பெயர். நடுவழியில் மாட்டிக்கொண்டால் திறக்கும்வரை அங்கேதான். அதனால் முதலில் ஒரு படகுத் துறையில் குளிர்கால இடம் பிடியுங்கள், அப்புறம் படகு தேடுங்கள். நாங்கள் நிற்பது சோன் ஆற்றங்கரையில், சேன்-ழான்-தெ-லோன் ஊரில். பூர்கோன் கால்வாய் ஆற்றில் வந்து சேரும் இடம் அது. படகுப் பட்டறைகள் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன.

பழைய சரக்குப் படகான பெனிஷ் 38.5 மீட்டர் நீளம். 1879இல் ஃப்ரெய்சினே என்ற அமைச்சர் கொண்டுவந்த அளவு அது. பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் இரண்டு பேருக்கு வேண்டாம். 20 மீட்டரைத் தாண்டினால் ஓட்டுவதற்கு மேல்நிலை உரிமம் வேறு தேவை. எங்களுடையது 17 மீட்டர், ஹாலந்தில் கட்டிய இரும்புப் படகு. நீளத்தைவிட உயரம்தான் முக்கியம். தென் பிரான்சில் 'மிதி' என்றொரு கால்வாய், அதன் கல் பாலங்கள் வில்லாக வளைந்தவை. நடுவில் நுழையும் படகு ஓரத்தில் இடிக்கும். காப்பெஸ்தாங் பாலம் அதற்குப் பேர்போனது. தண்ணீர்த் தொட்டி காலியாக இருக்கும்போது உயரத்தை அளந்துகொள்ளுங்கள், அப்போதுதான் படகு அதிகம் மேலெழும்பி நிற்கும்.

காகித வேலை: நீர்வழி நிர்வாகமான வி.என்.எஃப்-இடம் கட்டணச் சீட்டு வாங்க வேண்டும். தொகை படகின் அளவையும் எத்தனை நாள் ஓட்டுகிறீர்கள் என்பதையும் பொறுத்தது. ஷெங்கன் விசாவில் வருகிறவர்களுக்கு 180 நாளில் 90 நாள்தான். தண்ணீரில் மிதந்தாலும் நாள் கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஒரு வாரம் ஆசைக்கு ஓட்டிப் பார்க்க வாடகைப் படகு போதும், அதற்கு உரிமம் கேட்கமாட்டார்கள். வாங்குவதற்கு முன் அப்படி ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள்.

இனி எக்ளூஸ். படகை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுக்கு இங்கே அதுதான் பெயர். கல் சுவருக்குள் நுழைந்ததும் பின்கதவு மூடும். மதகைத் திறந்ததும் தண்ணீர் ஏறும் அல்லது வடியும், படகும் கூடவே போகும். ஏறும்போது தண்ணீர் தள்ளும், கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இறங்குவது சுலபம் என்று தோன்றும். ஆபத்து அதில்தான்.

முதல் வருடம், இறங்கும் எக்ளூஸ் ஒன்றில், நான் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு டீ போட உள்ளே போனேன். இரண்டு நிமிடத்தில் அலமாரித் தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. தண்ணீர் கீழே போய்விட்டது, படகின் ஒரு பக்கம் கயிற்றில் தொங்குகிறது. "லார்கே! லார்கே!" என்று மேலிருந்து எக்ளூஸ்காரர் கத்துகிறார், கயிற்றை விடு என்று. முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை. அவர் ஓடிப்போய் மதகை அடைத்தார், என் வீட்டுக்காரர் ரொட்டிக் கத்தியால் கயிற்றை அறுத்தார். படகு தொப்பென்று விழுந்தது, என் மானமும் கூடவே. அன்றிலிருந்து சுக்கான் பக்கத்தில் ஒரு கத்தி நிரந்தரமாகத் தொங்குகிறது.

ஆகவே கட்டாதீர்கள். கரைக் குத்துக்கல்லில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, நுனியைக் கையில் பிடித்து, தண்ணீர் இறங்க இறங்க விட்டுக்கொண்டே வாருங்கள். இறங்கும்போது படகின் பின்பக்கம் மேல்கதவுக்கு அருகில் இருக்கக் கூடாது. அங்கே நீருக்கடியில் ஒரு கல் திண்டு நீட்டிக்கொண்டிருக்கும், அதில் உட்கார்ந்துவிட்டால் முன்பக்கம் குப்புறக் கவியும். ஆளில்லாத தானியங்கி எக்ளூஸ் என்றால் நீலக் கம்பியைத் தூக்கினால் வேலை தொடங்கும். சிவப்புக் கம்பி எல்லாவற்றையும் நிறுத்தும். அது எங்கே இருக்கிறது என்பதை உள்ளே போனதும் பார்த்து வையுங்கள். விளக்கில் சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிந்தால் எக்ளூஸ் தயாராகிறது என்று பொருள். இரண்டு சிவப்பு என்றால் வேலை செய்யவில்லை, டீ போடலாம்.

பயணக் கணக்கு நம்மை ஏமாற்றும். பூர்கோன் கால்வாய் 242 கிலோமீட்டர், 189 எக்ளூஸ். மணிக்கு 6 கிலோமீட்டர் என்றால் ஓட்டமே 40 மணி நேரம். எக்ளூஸுக்குக் கால்மணி வைத்தால் இன்னொரு 47. நாளைக்கு ஆறு மணி நேரம் ஓட்டினால் இரண்டு வாரம் ஆகும். மதியச் சாப்பாட்டுக்கு எக்ளூஸ்காரர் போய்விடுவார், அவசரப்பட்டு ஒன்றும் ஆகாது. கோடையில் மழை பொய்த்தால் நீர்மட்டம் குறைந்து கால்வாயையே மூடுவதும் உண்டு.

மாலையில் கரையில் நிற்க, இரண்டு இரும்பு முளைகளும் ஒரு சம்மட்டியும் போதும். முளையைப் படகிலிருந்து சற்று விலக்கிச் சாய்வாக அடியுங்கள். சரக்குப் படகு கடந்து போகும்போது தண்ணீர் இழுக்கும், நேராக அடித்த முளை பிடுங்கிக்கொண்டு வரும். மரத்தில் மட்டும் கட்டாதீர்கள். மிதி கால்வாய்க் கரையில் 42,000 பிளாத்தான் மரங்கள் இருந்தன. 2006இல் தெரியவந்த பூஞ்சை நோயால் ஆயிரக்கணக்கில் வெட்டிவிட்டார்கள். மரத்தில் காயம் பட்டால் நோய் அதன் வழியாக நுழையும். முளையின் தலையில் ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றிவிடுங்கள். இருட்டில் சைக்கிளில் வருகிறவர் தடுக்கி விழுந்து, உங்கள் வாசலில் நின்று திட்டினால் பதில் சொல்ல முடியாது.